மாணவர் ஒன்றியத் தேர்தலும் கட்டண வாக்கெடுப்பும்: ஓம் போடுறதோ, இல்லையோ?

#1 இரண்டாம்வருசம்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில ரெண்டாம் வருசம் படிக்கிறன். எந்தப் பல்கலைக்கழகம் எண்டு சொல்ல விரும்பேல்ல. வாற மாதம் எங்கட மாணவர் ஒன்றியத் தேர்தல். ஒரு அணி வந்து, தங்களோட சேர்ந்து ஒன்றியத்தின்ர இயக்குநர் சபை இடத்துக்கு நில் எண்டு கேட்டிருக்கு. ஏன் நான் எண்டு கேட்டன். ஒளிக்காமல் சொல்லிச்சினம்: "உன்ர பேர் இருந்தால் தமிழ்ப் பிள்ளையள் வந்து போடுவினம்." ரெண்டு நாளா அந்தக் கதை மனசுக்குள்ள கிடக்குது.

அதே தேர்தலோட ஒரு கட்டண வாக்கெடுப்பும் வருது. வளாக உணவு வங்கிக்கு ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு மாணவரும் 6 டொலர். அந்த அணி ஓம் பக்கம், அதால நானும் ஓம் எண்டு பிரசாரம் செய்ய வேணும். உணவு வங்கி தேவை எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை. திங்கக்கிழமையில வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்கிறதைக் கண்ணால காணுறன். ஆனா அப்பா ரெண்டு வேலை செய்துதான் என்ர ஃபீஸ் கட்டுறார். படிப்புக்கான கட்டணத்துக்குக் கீழ ஏற்கெனவே நீட்டுக்கு வரி வரியா இருக்கு. இன்னொரு வரியைப் போடுங்கோ எண்டு நானே போய்க் கேக்கிறது சரியோ? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

#2 மோர்னிங்சைட்அக்கா

தம்பி, உங்களுக்கு ஒரு நீச்சல் குளத்தின்ர கதை சொல்லுறன்.

நான் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின்ர ஸ்காபரோ வளாகத்தில படிச்சனான். 2010இல ஒரு வாக்கெடுப்பு வந்தது. 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டிக்காக மோர்னிங்சைட் வீதியில ஒரு பெரிய நீர்விளையாட்டு மையம் கட்டப் போயினம், அதுக்கு மாணவர்கள் 30 மில்லியன் டொலர் தர ஓம்படுவினமோ எண்டு கேள்வி. ஒரே அடியா இல்லை, பல வருசத்துக்குத் தவணை தவணையா கட்டணத்தோட சேர்த்து. நான் ஓம் பக்கம் நிண்டு வகுப்பு வகுப்பாப் போய்க் கதைச்சன். மாணவர்கள் ஓம் எண்டுதான் போட்டினம்.

மையம் திறந்தது 2014இல. நான் அதுக்கு முதலே பட்டம் எடுத்திட்டு வெளியில வந்திட்டன். கட்டடம் எழும்ப முதலே கட்டத் தொடங்கினாங்கள். என்னோட படிச்ச கனபேர் காசு கட்டினதோட சரி, மாணவரா அந்தத் தண்ணியில கால் நனைச்சதில்லை. எனக்குப் பிறகு வந்த என்ர தம்பி நீந்தினவன், ஆனா அவனிட்ட ஒருத்தரும் ஓமோ இல்லையோ எண்டு கேக்கேல்லை. இண்டைக்கு அங்க படிக்கிற பிள்ளை அந்த வாக்கெடுப்பு நடக்கேக்க சின்னப் பள்ளிக்கூடத்தில இருந்திருக்கும்.

கட்டண வாக்கெடுப்பு எண்டால் இதுதான். போடுறவை போயிடுவினம், கட்டுறவை பிறகு வருவினம். பிழையெண்டு சொல்லேல்லை. ரெண்டு ஒலிம்பிக் அளவுக் குளம், பழைய குப்பை மேட்டைச் சுத்தப்படுத்தி எழுப்பின கட்டடம், இப்ப சனிக்கிழமைகளில என்ர மகளை அங்கதான் நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். திரும்ப அந்த வயசுக்குப் போனாலும் ஓம் எண்டுதான் போடுவன். ஆனா ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டிருப்பன்: இது எப்ப முடியும், வருசத்துக்கு வருசம் எவ்வளவு ஏறும்? அண்டைக்கு நான் ஏறின மேடைகளில அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. எனக்கே அது தெரியாது.

தமிழ் வாக்குப் பற்றிப் பிறகு வந்து எழுதுறன். மகளுக்குச் சாப்பாடு குடுக்க வேணும்.

#3 கணக்காளர்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளாகக் கணக்குத் துறையில் இருப்பவன். இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவன். என் பதில்: வேண்டாம்.

உணவு வங்கிக்கு எதிராகச் சொல்லவில்லை. கேட்காமலே வந்து விழும் பணம் ஒரு நிறுவனத்தை என்ன செய்யும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். 2019 ஜனவரியில் அன்றைய ரயர்சன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் கடன் அட்டைச் செலவு ஏறத்தாழ 250,000 டொலர் என்று செய்தி வந்தது. அதில் மதுக்கடை, இரவு விடுதிச் செலவுகளும் இருந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் பல்கலைக்கழகம் அந்த ஒன்றியத்துடன் இருந்த ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2018இல் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கடைக்காரன் தவறு செய்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். மாணவர் எங்கே போவார்? பாடத்துக்குப் பதிவு செய்த அன்றே பணம் எடுக்கப்பட்டுவிடுகிறது. 6 டொலர் சிறிய தொகைதான். சிறிய தொகை என்பதால்தான் அதை யாரும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் வளாகத்தில் 10,000 மாணவர் என்று வைத்தால் இரண்டு தவணைக்கு 120,000 டொலர். அதைக் கையாளப் போவது பெரும்பாலும் ஓர் ஆண்டு பதவியில் இருந்துவிட்டுப் போகும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள்.

#4 ஒட்டாவாவாசி

கணக்காளர் அண்ணை ஒட்டாவாவைச் சொன்னதால எழுதுறன். நான் அந்த நேரம் அங்க மாணவன்.

2018இல பழைய ஒன்றியத்தில நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டு எழும்பினது. விசயம் பொலிஸ் வரை போனது. பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை நிப்பாட்டினது. அதுவரை சரி. ஆனா அதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேணும். 2019 பெப்ரவரியில எங்களிட்டையே கேட்டினம்: பழைய ஒன்றியத்தைத் திருத்தி வைச்சிருக்கிறதோ, புதுசா ஒண்டைத் தொடங்கிறதோ? மாணவர்கள் புதுசைத் தெரிவு செய்தினம். இண்டைக்கு இருக்கிற ஒன்றியம் அந்த வாக்கில பிறந்தது.

எனக்கு அரசியலில நாட்டம் இல்லை. ஆனா அண்டைக்கு வாக்குப் போட்டது நினைவிருக்கு. நாங்கள் கட்டுற காசை ஆர் வைச்சிருக்கிறது எண்டதை நாங்களே மாத்தலாம் எண்டு அப்பத்தான் எனக்குப் பட்டது. வாடிக்கையாளர் கடை மாறுறதை விட இது பெரிசு எண்டு நினைக்கிறன், அண்ணை.

#5 பத்தொன்பதாம்ஆண்டு

இந்த இழையை வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க முடியேல்லை.

2019 ஜனவரி 17ஆம் திகதி ஒன்ராறியோவின்ர ஃபோர்ட் அரசாங்கம் படிப்புக் கட்டணத்தை 10 சதவீதம் குறைக்கிறம் எண்டு அறிவிச்சது. அதோட சேர்த்து இன்னொண்டு: "அத்தியாவசியம் இல்லாத" கட்டணங்களை மாணவர் விரும்பினால் கட்டாமல் விடலாம். அந்த வருசம் செப்ரெம்பர் தவணைக்கு முதல் இணையத்தில ஒரு பக்கம் திறந்தது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில ஒரு பெட்டி.

விளையாட்டு, ஆலோசனைச் சேவை, வளாகப் பாதுகாப்பு இதெல்லாம் அத்தியாவசியம், கட்டாயம் கட்ட வேணும். மாணவர் ஒன்றியம், மாணவர் பத்திரிகை, வானொலி இதுகள் விருப்பம். என்ர வளாகத்தில உணவு வங்கியும் விருப்பப் பட்டியலில. நீந்துறது கட்டாயம், சாப்பிடுறது விருப்பம். நான் அப்ப அதை யோசிக்கவே இல்லை. எல்லாத்தையும் வெட்டினன், ஒண்டும் விடாமல். அம்மாவிட்ட சொல்ல, அவவும் சந்தோசப்பட்டா. எங்கட வீட்டில அந்தக் காசு ரெண்டு கிழமை மளிகைச் சாமான்.

அடுத்த வருசம் வீட்டில சூழ்நிலை மாறினது. நான் தனிய வந்து ஒரு நிலக்கீழ் அறையில வாடகைக்கு இருந்தன். மாதக் கடைசியில உணவு வங்கிக்குப் போனன். பருப்பு, ரின் மீன், பாண், ஒரு பையில கரட். அதைக் குடுத்த பிள்ளை என்னிட்ட மாணவர் அட்டையைத் தவிர ஒண்டும் கேக்கேல்லை. கட்டினவரோ கட்டாதவரோ எண்டும் கேக்கேல்லை. அறைக்கு வந்து கனநேரம் அழுதன்.

அந்தத் திட்டத்துக்கு எதிரா கனேடிய மாணவர் கூட்டமைப்பும் யோர்க் மாணவர் கூட்டமைப்பும் வழக்குப் போட்டினம். 2019 நவம்பர் 21இல நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்துச் செய்தது. பல்கலைக்கழகத்தின்ர சுயாட்சிக்குள்ள இப்பிடிக் கை வைக்க அரசாங்கத்துக்குச் சட்டம் அதிகாரம் குடுக்கேல்லை எண்டு சொல்லிச்சு. 2021 ஓகஸ்டில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தினது. வாக்கெடுப்பில மாணவர்கள் கூட்டா எடுத்த முடிவை ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒரு பெட்டியில வெட்டலாம் எண்டால், பிறகு வாக்கெடுப்பு ஏன்? 2025இல அதே அரசாங்கம் 33ஆம் மசோதாவைக் கொண்டு வந்து, இந்தக் கட்டணங்கள் மேல திரும்பவும் அதிகாரம் கேட்டது. அதால இது பழங்கதை இல்லை.

கணக்காளர் ஐயா, ரயர்சன் கடன் அட்டை விசயத்தை வெளியில கொண்டு வந்தது அங்கத்த மாணவர் பத்திரிகை 'ஐஓப்பனர்'. அது ஓடுறதும் மாணவர் கட்டணத்திலதான். அரசாங்கம் அந்தக் கட்டணத்தை "அத்தியாவசியம் இல்லை" எண்டு அறிவிச்ச அதே ஜனவரியில அந்தப் பிள்ளையள் அந்தச் செய்தியைப் போட்டினம். கணக்குப் பார்க்க ஆளில்லை எண்டு கவலைப்படுறீங்கள். பார்த்த ஆக்களுக்கும் சம்பளம் அந்தச் சின்னக் காசில இருந்துதான் போனது.

#6 கணக்காளர்

மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பத்திரிகை பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் அதை யோசித்திருக்கவில்லை. அந்த நிலக்கீழ் அறையில் இருந்த நாள்களைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி.

ஆகவே என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். கட்டணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முடிவுத் தேதி இல்லாத கட்டணம் வேண்டாம் என்பேன். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு நடைமுறை உண்டு. மாணவர் பத்திரிகைச் சங்கம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப மாணவர்களிடம் வந்து, "நாங்கள் தொடர்ந்து இருக்கலாமா?" என்று வாக்குக் கேட்க வேண்டும். தோற்றால் கட்டணம் நின்றுவிடும். கேட்கக் கடுமையாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறை மாணவருக்கும் ஒரு தடவையாவது கேட்கப்படும் உரிமை கிடைக்கிறது. மோர்னிங்சைட் அக்கா சொன்ன தம்பிக்கு அதுதானே கிடைக்கவில்லை?

#7 இரண்டாம்வருசம்

எல்லாருக்கும் நன்றி. கேள்வியின்ர வரைவை அந்த அணியிட்டக் கேட்டு வாங்கினன். இயக்குநர் சபை இன்னும் அதை அங்கீகரிக்கேல்லை, அடுத்த கிழமைதான் கூட்டம். சாராம்சம் இது: முழுநேர மாணவரிடம் தவணைக்கு 6 டொலர், பகுதிநேர மாணவரிடம் 3 டொலர், உணவு வங்கிக்கு, "நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தப்படலாம்". முடிவுத் திகதி இல்லை. வருடாந்தக் கணக்கை எங்க போடுறது எண்டும் இல்லை. அந்தச் சுட்டெண் வரி எவ்வளவு பெரிய விசயம்?

#8 மோர்னிங்சைட்அக்கா

பெரிய விசயம், தம்பி. அந்த ஒரு வரி இருந்தால் பிறகு மாணவரிட்ட வராமலே ஒவ்வொரு வருசமும் ஏத்தலாம். விலைவாசி ஏறுது, உணவு வங்கிக்கும் அரிசி பருப்பு அதே விலையில கிடைக்காது, அதால வரியை எடுக்கச் சொல்லேல்லை. ஆனா அந்த வரி இருக்கிறதெண்டால் முடிவுத் திகதியும் இருக்க வேணும். கணக்காளர் அண்ணை சொன்ன ஐந்து வருசம் நல்லது.

இது எப்பிடி நடக்கும் எண்டு சொல்லுறன், நீங்கள் எங்க கை வைக்கலாம் எண்டு தெரியும். ஒன்ராறியோவில பல்கலைக்கழகம் தான் நினைச்ச மாதிரிப் புதுக் கட்டாயக் கட்டணம் போட ஏலாது. 1990களிலயிருந்து மாணவர் பிரதிநிதிகளோட ஒரு உடன்பாடு இருக்க வேணும் எண்டு மாகாண விதி. வாக்கெடுப்பு அங்கயிருந்துதான் வருது. முதல்ல கையெழுத்து அல்லது தீர்மானம், பிறகு சபை கேள்வியின்ர சொற்களை முடிவெடுக்கும், பிறகு தேர்தல் அதிகாரி, பிரசாரம், ரெண்டு மூண்டு நாள் இணைய வாக்கு. வெண்டாப் பிறகு பல்கலைக்கழகத்தின்ர ஆளுகைக் குழுவும் அங்கீகரிக்க வேணும். இதில சொற்களை மாத்தக்கூடிய ஒரே இடம் சபைக் கூட்டம். வாக்கு தொடங்கினாப் பிறகு ஓம் அல்லது இல்லை மட்டும்தான்.

இல்லை பக்கம் ஒருத்தரும் நிக்காத வாக்கெடுப்புகள்தான் கூட. ஓம் பக்கத்துக்குச் சட்டை, சுவரொட்டி, பீட்சா எல்லாம் இருக்கும். எதிர்ப் பக்கத்துக்கு ஆளே வராது. வாக்களிப்பும் பல வளாகங்களில பத்து சதவீதத்தைத் தாண்டினாலே நல்ல வருசம் எண்டு சொல்லுவினம். அந்தப் பத்துப் பேர் மற்றத் தொண்ணூறு பேரின்ர பில்லில எழுதுறாங்கள். அதால நீங்கள் எந்தப் பக்கம் நிண்டாலும் கேள்வியை முழுசா வாசிச்சுக் காட்டுங்கோ. வகுப்பில மூண்டு நிமிசம் தந்தால் ஒரு நிமிசம் கேள்வியை வாசிக்கவே செலவழியுங்கோ.

இப்ப தமிழ் வாக்கு. 2009இல ஈழத்தில போரை நிப்பாட்டச் சொல்லி ரொறன்ரோ யுனிவர்சிட்டி அவென்யூவில நிண்ட பிள்ளையளில நானும் ஒருத்தி. மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில ஏறினதும் நாங்கள்தான். அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒன்றியம், தேர்தல் எண்டு நாட்டம் வந்தது. அந்த வருசம் எங்கட குரலை ஆரும் கேக்கேல்லை எண்ட வலியில, கேக்கிற இடத்தில ஒரு கதிரையாவது பிடிப்பம் எண்டு போனன். தமிழ் எண்டதால வாக்குப் போடுறது வெக்கப்பட வேண்டிய விசயம் இல்லை. ஆனா உங்களை நிப்பாட்டுற ஆக்கள் உங்களிட்ட என்ன கேக்கினம் எண்டு பாருங்கோ. பேரை மட்டும் கேக்கினமோ, யோசினையையும் கேக்கினமோ? சபைக் கூட்டத்துக்கு முதல் இந்தத் திருத்தத்தைக் கொண்டு போய் அவையளிட்ட வையுங்கோ. பதில் தெரிஞ்சிடும்.

#9 கோயம்பேடுமுகில்

சென்னையிலேர்ந்து படிக்கிறேன். ஒரு சந்தேகம். மாணவர் சங்கத்துக்குச் சொந்தமா கட்டணம் வசூலிக்கிற அதிகாரமா? எங்க காலேஜ்ல சேர்மன் எலெக்‌ஷனே கிடையாது, டிபார்ட்மெண்ட்ல ஒருத்தரை நியமிச்சிடுவாங்க. மாணவர் தேர்தலை எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி அறிக்கை 2006ல வந்துச்சு, சுப்ரீம் கோர்ட்டும் அமல்படுத்தச் சொல்லிச்சு. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக் கூடாது, 75 சதவீதம் வருகைப்பதிவு இருக்கணும்னு விதி விதியா இருக்கு. விதி இருக்கு, தேர்தல் இல்ல. கையில பணமும் இல்லாத, தேர்தலும் இல்லாத எங்களுக்கு உங்க பிரச்சினையே ஒரு சொத்து மாதிரி தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாவே ஏக்கமா இருக்கு.

#10 ஒட்டாவாவாசி

தப்பா எடுக்கேல்லை முகில். நீங்கள் சொன்னதை எங்கட ஆக்கள் கட்டாயம் வாசிக்க வேணும்.

#11 வன்னிமகள்

வேற ஒரு கட்டணத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. கனடாவில பல வளாகங்களில பில்லில ஒரு சின்ன வரி இருக்கும், ஒரு சில டொலர், அகதி மாணவர் திட்டம் எண்டு. கனடா உலகப் பல்கலைக்கழகச் சேவை எண்ட அமைப்பு 1978இலயிருந்து நடத்துது. வளாகத்து மாணவர்கள் வாக்கெடுப்பில அந்தக் கட்டணத்துக்கு ஓம் எண்டு போட்டால், அந்தக் காசில ஒரு அகதிப் பிள்ளையை அந்த மாணவர்களே பொறுப்பெடுத்துக் கூப்பிடலாம். படிக்க வாற பிள்ளை நிரந்தர வதிவிடத்தோட வருது. இப்பிடி இதுவரை 2,000க்கு மேல வந்திட்டினம்.

என்ர ஆய்வுகூட வகுப்பில கென்யாவில ஒரு முகாமில பிறந்து வளர்ந்த ஒருத்தர் இருந்தார். முதல் பனிக்காலம் அவருக்குச் சப்பாத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போனது வளாகக் குழுவின்ர பிள்ளையள். என்ர குடும்பம் எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தது எண்டு எனக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை. அக்கா சொன்ன அந்த 2010இலதான் ஓகஸ்டில 492 ஈழத் தமிழரோட சன் சீ கப்பல் வந்தது. வந்தவையைத் தடுப்பில வைச்சு, பேப்பரில என்னவெல்லாம் எழுதினவை எண்டு நினைவிருக்கு. அதே நாட்டில, ஆரெண்டே தெரியாத ஒரு அகதிப் பிள்ளைக்கு இருபது வயசுப் பிள்ளையள் வாக்குப் போட்டுக் காசு கட்டிக்கொண்டிருந்தவை. பில்லில அந்த வரியை முதல்தரம் கண்ட நாள், அது என்னெண்டு தேடி வாசிச்சன். அதுக்குப் பிறகு மற்ற வரிகளையும் ஒவ்வொண்டாத் தேடினன்.

தம்பி, உங்கட அப்பாவிட்டக் கேட்டுப் பாருங்கோ. எங்கட அப்பாமாருக்குப் பசி எண்டால் என்னெண்டு தெரியும். நாங்கள் நினைக்கிற பதிலை அவை சொல்ல மாட்டினம்.

#12 இரண்டாம்வருசம்

மன்னிக்கோணும், ஒரு கிழமை வர முடியேல்லை, மிட்ரேர்ம்.

அப்பாவிட்டக் கேட்டன். இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவர். முதல்ல எவ்வளவு எண்டு கேட்டார். 6 டொலர் எண்டன். ஆருக்கு எண்டு கேட்டார். சொன்னன். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, "காசைப் பற்றி யோசியாத. அது அந்தப் பிள்ளையளின்ர கைக்குத்தான் போய்ச் சேருதோ எண்டு பார்" எண்டார். கணக்காளர் அங்கிள், நீங்கள் மூண்டு பந்தியில எழுதினதுதான் அது.

அந்த அணியிட்டத் திருத்தத்தைக் கொண்டு போனன். ஐந்து வருசத்தில திரும்ப வாக்கு, வருசா வருசம் கணக்கறிக்கையை ஒன்றியத்தின்ர இணையப் பக்கத்தில போட வேணும், ரெண்டு வரிதான். "தேர்தல் முடியட்டும், பிறகு பாப்பம்" எண்டினம். வன்மமாச் சொல்லேல்லை, அவையளுக்கு நேரமில்லை, சுவரொட்டி அச்சடிக்கிற அவசரம். நான் அவையளோட நிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். தனியாவும் நிக்கேல்லை, இந்த வருசம் எனக்கு அதுக்குப் பலம் இல்லை.

பிறகு உணவு வங்கியில வேலை செய்யிற பிள்ளையளிட்டப் போனன். உண்மையில முதல்ல அவையளிட்டத்தான் போயிருக்க வேணும். அவையளுக்குத் திருத்தம் பிடிச்சது. கணக்கைக் காட்ட நாங்கள் எப்பவும் தயார், ஆனா ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு சொல்லிச்சினம். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் அந்த வரிசையில நிண்ட ஆக்களிட்டையே கையெழுத்து வாங்கினம். வியாழன் சபைக் கூட்டம். எனக்கு ரெண்டு நிமிசம் தந்திச்சினம். கை நடுங்கினது. கேள்வியை முழுசா வாசிச்சன், பிறகு ரெண்டு வரியையும் வாசிச்சன். கணக்கறிக்கை வரி ஒருத்தரும் எதிர்க்காமல் போனது. ஐந்து வருச வரி ரெண்டு வாக்கால வெண்டது.

அடுத்த செவ்வாய் வாக்கெடுப்புத் தொடங்குது. நான் ஓம் எண்டு கதைக்கப் போறன். ஒரு உதவி: போன வருசத்துக் கணக்கறிக்கையை அவை தந்திருக்கினம், 14 பக்கம். "ஒதுக்கி வைச்ச நிதி" எண்டு ஒரு தொகை இருக்கு, எனக்கு விளங்கேல்ல. வகுப்பில ஆரும் கேட்டால் சரியாப் பதில் சொல்ல வேணும்.

#13 கணக்காளர்

அனுப்புங்கள் தம்பி. சனிக்கிழமை காலை உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கையும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தொகை வளர்கிறதா, கரைகிறதா என்று தெரியும்.

#14 பத்தொன்பதாம்ஆண்டு

செவ்வாய் உங்கட வளாகத்தில வகுப்பு வகுப்பாப் போக ஆள் காணாட்டி எனக்கு எழுதுங்கோ. அண்டைக்கு எனக்கு லீவு.